பிரித்துக் கொடுத்த புத்தகம்

அனகாபுத்தூர்
22-4-88, வெள்ளி

அன்புள்ள லோகு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். நீயும் அப்படியே எழுது.

நாம் சேர்ந்து நூலகப் பயிற்சி முடித்து நாலு வருடம். தாம்பரத்துக்கும் அனகாபுத்தூருக்கும் ஒரு பஸ் தூரம். ஆனால் எனக்கு விடுமுறை வெள்ளி, மாவட்ட நூலக அலுவலகத்தில் இருக்கும் உனக்கு ஞாயிறு. ஒரு காபி சேர்ந்து குடித்ததில்லை. இந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் உன் முகம் மறந்திருக்கும்.

உங்கள் சுற்றறிக்கை வந்தது. "மே மாதம் முழுவதும் எல்லாக் கிளைகளிலும் சிறுவர் கோடை வாசிப்பு நடத்த வேண்டும். நூல்களுக்குச் சேதம் நேர்ந்தால் நூலகரே பொறுப்பு." இரண்டையும் நீயேதான் தட்டச்சு செய்தாயா? ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை அடிக்கும்போது சிரிப்பு வரவில்லையா?

போர்டில் எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் அறுபத்திரண்டு பெயர். பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பீரோவைத் திறந்து பார்த்தேன். சிறுவர் நூல் முப்பத்தெட்டு. அதில் கதை என்று சொல்லக்கூடியது எட்டு. மற்றவை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவை.

அறுபத்திரண்டு பேருக்கு எட்டு புத்தகம். அதைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இவருக்கு முதுகு அப்படியேதான் இருக்கிறது. வேலைக்குப் போய் ஐந்து மாதம். படுத்தபடி கூரையைப் பார்க்கிறார். ஜூன் கடைசியில் என் தற்காலிகப் பணி முடிகிறது, ஞாபகம் இருக்கிறதா? நிரந்தரம் செய்யும் கோப்பு உன் மேசையில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்து.

உன்,
சாமு

*

மேற்குத் தாம்பரம்
1-5-88, ஞாயிறு

என் அருமைச் சாமு,

நலம். எழுதியாயிற்று.

அடித்தது நான். சொன்னது எங்கள் அதிகாரி பட்டாபிராமன் சார். சிரிப்பெல்லாம் வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எதற்கும் சிரிப்பு வருவதில்லை. நாற்பத்தொரு கிளைக்கும் கார்பன் வைத்து அடித்து, ஐந்தரை மணி வண்டியில் நின்றபடியே தாம்பரம் வந்து இறங்கினேன்.

உன் கோப்பு மேலிருந்து மூன்றாவது. ஜூன் இரண்டாம் வாரத்தில் சார் முன் வைப்பேன். அதுவரை உன் கிளையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் எதுவும் பேசக் கூடாது. நல்லதைக்கூட வேண்டாம் என்கிறேன், புரிகிறதா?

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பீரோவைத் திறப்பதே இல்லை. தரையில் உட்கார வைத்து ஓவியப் போட்டி, மாறுவேடம், ஒரு மிட்டாய், ஒரு போட்டோ. அறிக்கையில் "வாசிப்பு சிறப்பாக நடைபெற்றது". நீயும் அப்படியே செய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

அவருக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
லோகு

*

அனகாபுத்தூர்
6-5-88, வெள்ளி

அன்புள்ள லோகு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கட்கிழமையே செய்துவிட்டேன்.

பதறாதே, முழுதாகப் படி.

பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார் நம் பைண்டர். பாரம் பாரமாகத் தைத்து அட்டை போட்டால் புத்தகம். அப்படியானால் தையலை அவிழ்த்தால் பாரங்கள். எட்டு புத்தகத்தையும் அவிழ்த்தேன். ஊசியால் முடிச்சைத் தூக்கி, பிளேடால் நூலை அறுத்தேன். ஒரு பக்கமும் கிழியவில்லை. அட்டைகளைத் தனியே கட்டி வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தெட்டு பாரம். அறுபத்திரண்டு பேரில் வருவது ஐம்பதுக்குள்தான். கணக்கு சரியாகிவிட்டது.

இப்படித்தான் நடக்கிறது. ஒரு கதைக்கு ஆறு பேர். ஆளுக்கு ஒரு பாரம், அவரவர் பங்கை மட்டும் படிக்க வேண்டும். மறுநாள் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல வேண்டும். ஆறு பேரும் வந்தால்தான் கதை. ஒருத்தன் வராவிட்டால் நடுவில் ஓட்டை. ஆகவே ஒருவரை ஒருவர் வீட்டுக்குப் போய் இழுத்து வருகிறார்கள். நேற்று ஒரு பையனைக் குளிக்கும்போதே பிடித்து வந்தார்கள். தலையில் சீயக்காயோடு உட்கார்ந்து தன் பாரத்தைச் சொன்னான்.

நூலகத்தில் இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. தினமும் பேப்பர் படிக்க வரும் கஸ்தூரிரங்கன் சாருக்குத்தான் தாங்கவில்லை. "லைப்ரரின்னா சைலன்ஸ் வேணும்மா. இது என்ன, பல்லாவரம் சந்தையா?" என்றார். ஒரு வாண்டு திரும்பிப் பார்த்து, "சார், நீங்க பேப்பர மடிக்கிறதுதான் எங்களவிட சத்தமா கீது" என்றது. நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் பூட்டிவிட்டு நடக்கும்போது கால் கனக்கிறது. ஆனால் பழைய கனம் இல்லை.

உன்,
சாமு

*

மேற்குத் தாம்பரம்
15-5-88, ஞாயிறு

சாமு,

இரண்டு முறை படித்தேன். ஒரு முறை கோபம். ஒரு முறை பொறாமை. இரண்டுக்கும் பிறகு பயம்.

பிளேடு! ஏண்டி, அரசாங்க முத்திரை குத்தின புத்தகத்தைப் பிளேடால் அறுத்தேன் என்று கையெழுத்துப் போட்டு எழுதுகிறாயே, உனக்கு என்ன தைரியம். இதை யாராவது பிரித்திருந்தால்? கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். கிழிக்கவில்லை. புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கேள். மே 31-க்குள் எல்லாப் பாரங்களையும் திரும்ப வாங்கு. வரிசையாக அடுக்கு. "தையல் நைந்தவை, பைண்டிங்குக்கு" என்று ஒரு பட்டியல் அனுப்பு. அதை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். பைண்டர் வருவார், தைப்பார், முடிந்தது. யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் தவிர.

சீயக்காய்ப் பையனை நினைத்து வண்டியில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

லோகு

*

அனகாபுத்தூர்
20-5-88, வெள்ளி

அன்புள்ள லோகு,

ஏழு புத்தகம் வந்துவிட்டது. நானே தைக்க ஆரம்பித்துவிட்டேன். தறி நூல்தான், உறுதியாக இருக்கிறது.

எட்டாவதில் ஒரு பாரம் இல்லை.

தொலைந்த கழுதையைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. ஆறாவது பாரம், அதாவது கடைசி, பச்சையம்மாவிடம் இருந்தது. பதினொரு வயது. பகலெல்லாம் அப்பாவின் தறிக்கு நூல் சுற்றுகிறாள். இங்கே உட்கார்ந்து படிக்க நேரமில்லை என்று வீட்டுக்குக் கேட்டாள். கொடுத்தேன். அங்கத்தினர் அட்டை இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை. கேட்டாள், கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஐந்து பேர் சொல்லி முடித்தார்கள். ஆறாவது இடம் காலி. இழுத்து வர ஓடினார்கள். வெறுங்கையோடு வந்தார்கள்.

"வூட்டக் காலி பண்ணிகினு பூட்டாங்கக்கா. ஆரணிப் பக்கமாம். அங்க தறிக்குக் கூலி ஜாஸ்தியாம்."

"பாரம்?"

"அதையும் எத்துகினு பூட்டா போல."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீயே சொல்லுக்கா. கய்தை கெடச்சுதா இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை, லோகு. எட்டு புத்தகத்தையும் அவிழ்த்த நான் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. மூன்று வருடமாக அந்த பீரோவின் சாவி என்னிடம். தெரியாது என்றேன். "இன்னாக்கா நீ, லைப்ரரிக்கார அக்கா, உனுக்கே தெரியாதா" என்றான் ஒருத்தன். திட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

அப்புறம் அவர்களே முடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, கழுதை செத்துவிட்டது என்றாள். ஒருத்தன், வெள்ளிக்கிழமை சந்தையில் விற்றுவிட்டார்கள் என்றான். இன்னொருத்தன், கழுதை வீட்டுக்குத் திரும்பிவிட்டது, இப்போது பெண்ணைக் காணோம், கழுதை தேடுகிறது என்றான். அன்று ஏழு மணி வரை பூட்ட முடியவில்லை.

ஆரணியில் எங்கே என்று விசாரிக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

உன்,
சாமு

*

மேற்குத் தாம்பரம்
29-5-88, ஞாயிறு

சாமு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பேப்பர் கஸ்தூரிரங்கன் சார் எங்கள் அலுவலகத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதியிருக்கிறார். சத்தம். ஒழுங்கீனம். "நூலகரே நூல்களைக் கிழித்துக் குழந்தைகளுக்கு விநியோகிக்கிறார்." பட்டாபிராமன் சார் ஜூன் 2, வியாழக்கிழமை உன் கிளைக்கு வருகிறார். புத்தகம் புத்தகமாகப் புரட்டுவார். அவர் அப்படி.

ஏழு பரவாயில்லை. நைந்ததைத் தைத்தேன் என்று சொல். அந்த எட்டாவதுக்கு மழை என்று சொல். கூரை ஒழுகியது, கடைசிப் பக்கங்கள் ஊறிப்போயின, எடுத்துப் போட்டுவிட்டேன். நவம்பரில் என்று சொல். ஆற்றங்கரை ஊர், நம்புவார்கள். அவர் விளக்கம் கேட்டால் அதையே எழுது. விளக்கம் என் பிரிவுக்குத்தான் வரும். நான்தான் மேலே வைப்பேன். ஒரு வார்த்தை பிசகாமல் மழை என்று எழுதினால் போதும்.

உன் கோப்பு இப்போது மேலாக இருக்கிறது. அடுத்து அதுதான்.

தயவுசெய்து.

லோகு

*

அனுப்புநர்:
ஏ. சாமுண்டீஸ்வரி,
நூலகர் (தற்காலிகம்),
குளக்கரைத் தெருக் கிளை, அனகாபுத்தூர்.

பெறுநர்:
பிரிவு எழுத்தர் (கிளை நூலகங்கள்).

நாள்: 8-6-88

அம்மையீர்,

பொருள்: 2-6-88 அன்று நடந்த ஆய்வில் கேட்கப்பட்ட விளக்கம் அளித்தல்.

மேற்படி எட்டு நூல்களின் தையலைப் பிரித்தது நான். அவை நைந்திருக்கவில்லை. நல்ல நிலையில் இருந்தன. கோடை வாசிப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு நூல்கள் போதாததால் பாரங்களாகப் பிரித்துக் கொடுத்தேன். ஏழு நூல்களைத் திரும்பத் தைத்துள்ளேன்.

எட்டாவது நூலின் கடைசிப் பதினாறு பக்கங்கள் மழையில் நனையவில்லை. அங்கத்தினரல்லாத ஒரு சிறுமிக்கு வீட்டில் வைத்துப் படிக்கக் கொடுத்தேன். அவர் குடும்பம் ஊர் மாறிவிட்டது. அந்தச் சிறுமி மேல் பிழை இல்லை.

மழைமேல் பழியைப் போட்டால் இந்தக் கிளையில் கோடை வாசிப்பு நடக்கவில்லை என்றாகிவிடும். அது நடந்தது.

இவ்வாறு செய்யும்படி எவரும் எனக்குச் சொல்லவில்லை. செய்ததை அலுவலகத்தில் எவருக்கும், எழுத்திலோ பேச்சிலோ, நான் தெரிவித்ததில்லை. ஆய்வு நாள் வரை இது என் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

இங்ஙனம்,
ஏ. சாமுண்டீஸ்வரி

*

மேற்குத் தாம்பரம்
12-6-88, ஞாயிறு

சாமு,

உன் விளக்கம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மையீர் என்று பார்த்ததும் முதலில் கோபித்துக்கொண்டுவிட்டாய் என்று நினைத்தேன். கடைசிப் பத்திக்கு வந்த பிறகுதான் புரிந்தது. என்னை வெளியே நிறுத்திவிட்டு நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாய்.

மழை என்று எழுதியிருக்கலாம். அதைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை.

நான் சொல்ல வேண்டியது வேறு.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் தேதி, சார் கூப்பிட்டார். தறி நூலால் தைத்த ஒரு புத்தகம் மேசை மேல் இருந்தது. நல்ல தையல்தான்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பேட்ச்தானேம்மா? லெட்டர் போக்குவரத்து உண்டுன்னு சொல்றாங்களே. உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது சார்."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. அவர் கேள்வியை முடித்த மறு நொடியே.

"அப்போ நோட் போட்டு எடுத்துட்டு வாங்க. பணி நீட்டிப்பு தேவையில்லைன்னு."

மேசைக்கு வந்தேன். உன் கோப்பு மேலாக இருந்தது. எழுதினேன். ஏழு வரி. "நூல்களின் பாதுகாப்பில் அக்கறையின்மை." அந்த வார்த்தை சார் சொன்னதல்ல. வரி நிறைய வேண்டும் என்று நானே போட்டது. கையெழுத்துப் போட்டு 7-6-88 என்று தேதியும் போட்டு உள்ளே அனுப்பினேன். அப்போது நீ இன்னும் விளக்கமே எழுதியிருக்கவில்லை.

உன் விளக்கம் வந்ததும் சார் படித்தார். "நல்ல வேளை, அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க" என்றார். பிறகு, "நோட்டுல தேதிய மாத்தி பத்துன்னு போட்டுடுங்க. விளக்கம் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணின மாதிரி இருக்கு, நல்லா இல்ல" என்றார்.

மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். உனக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்ற ஆணை அப்படியே தயாராகிவிட்டது. உனக்கு வரும் நகலில் "பார்வை" என்ற இடத்தில் என் குறிப்பின் தேதியும் அதன் கீழே உன் விளக்கத்தின் தேதியும் இருக்கும். எது முன்னால் என்று தெரியும். இதில் உனக்காக நான் செய்தது அது ஒன்றுதான். அது உனக்கு எதற்கு உதவும் என்று தெரியவில்லை.

நாளை நகல் தபாலுக்குப் போகிறது. அதைப் பார்ப்பதற்கு முன் நீ என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவருடைய முதுகு எப்படி இருக்கிறது? கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

லோகநாயகி

*

அனகாபுத்தூர்
16-6-88

லோகநாயகி,

ஆணை நகலும் உன் கடிதமும் இன்று ஒரே தபாலில் வந்தன.

முதலில் நகலைத்தான் படித்தேன்.

சாமுண்டீஸ்வரி