பேர் வெட்டிய இடியாப்ப அச்சு

அக்கா,

இன்று காலை மெட்ராசிலிருந்து வந்த ஏஜெண்ட் ஒருவரைச் சரக்கோடு திருப்பி அனுப்பினேன். காய் நறுக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஒரு கேரட்டை வைத்து அழுத்தினேன், கைப்பிடி ஆடியது. அவர் சிரித்துக்கொண்டே, “பேர் வெட்டிக் குடுத்துடுங்க சார், திரும்பி வராது” என்றார். உங்கள் முகம்தான் வந்து நின்றது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

அந்தத் தந்திரத்தை அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் நான் பாத்திரக்கடை போட்ட புதிதில், அதை வைத்துத்தான் பிழைத்தேன். பேர் வெட்டிய சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்பது கடைவழக்கம். அலுமினிய இடியாப்ப அச்சு மொத்தமாக மலிவுக்கு வந்தது. திருகில் மரை ஆழமில்லை, அழுத்தினால் வழுக்கும் என்று கையில் எடுத்ததுமே தெரிந்தது. தெரிந்தேதான் வாங்கினேன். ‘பேர் வெட்டுவது இலவசம்’ என்று பலகையும் மாட்டினேன். மகளுக்குச் சீர்ச் சாமான் வாங்கத் தலத்தெருவிலிருந்து வந்த நீங்கள் அதில் ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டுக்காரர் பேரை வெட்டச் சொன்னீர்கள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே கடைக்கு வந்தீர்கள். கூடவே நாலு பெண்கள். அச்சை மேசைமேல் வைத்தீர்கள். போலகத்தில் சம்பந்தி வீட்டில், விருந்தாளிகள் இலைமுன் காத்திருக்க, உங்கள் மகள் பிழியும்போது மரை வழுக்கி மாவெல்லாம் தரையில் கொட்டியிருந்தது.

“‘பேரு மட்டும் அழகா வெட்டியிருக்கு’ன்னு மாமியா சொன்னாங்களாம். எம்மவ ரெண்டு நாளா சாப்பிடல.”

“அக்கா, பேரு வெட்டுன சாமான...”

“திரும்ப எடுக்க மாட்ட. தெரியும் தம்பி. நான் பணத்துக்கு வரல. அந்தப் பேருக்குப் பக்கத்துல உம்பேரையும் வெட்டு. வாய மூடிக்கிட்டுப் போயிடுறேன்.”

பேர் வெட்டுகிறவர் உளியை எடுத்து வைத்துக்கொண்டு, “வெட்டவா முதலாளி?” என்று கேட்டார். கடையே என்னைப் பார்த்தது. நான் உளியை வாங்கிக் கல்லாவுக்குள் வைத்தேன்.

“உம்பேரப் போடக் கூசுற சாமான்ல எங்க பேர எதுக்குப் போட்ட?”

நீங்கள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரன். மெதுவாகச் சொன்னதால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. அன்று மத்தியானமே ஒரு பித்தளை அச்சோடு போலகத்துக்கு பஸ் ஏறினேன். “குத்தம் என்னோடதும்மா, பொண்ணு வீட்டு மேல இல்ல” என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கடக்காரரே வந்து ஒத்துக்கிறத இப்பத்தான் பாக்குறேன். ஒக்காருங்க” என்றார். உங்கள் மகள் மோர் கொண்டுவந்து வைத்தார். வைத்ததும் உள்ளே போய்விட்டார்.

மீதி அச்சுகளை உடைத்துப் பழைய அலுமினியமாகப் போட்டேன். அந்த நாலு பெண்களும் மறுபடி என் கடைக்கே வந்தார்கள் என்றால், அது நீங்கள் சொன்ன சொல்லால்தான். அதன் பிறகு எந்தப் புதுச் சாமானும் பத்து நாள் உங்கள் அடுப்படியில் உழைத்த பிறகே கடைக்கு வந்தது. எத்தனையைத் திருப்பியிருப்பீர்கள்! “தம்பி, உன் குக்கரு விசிலடிக்கல, பெருமூச்சு விடுது” என்று நீங்கள் சொன்னதை நினைத்து இன்றும் சிரிக்கிறேன். அன்று நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தால் நான் அதே வியாபாரியாகவே இருந்திருப்பேன். இன்றும் எதைக் கொள்முதல் செய்தாலும் மனசுக்குள் முதலில் என் பேரை அதில் வெட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு உங்கள் மகளிடம் போனேன். இத்தனை வருஷத்தில் என்னோடு நேரே பேசியவர் இல்லை. துருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மாவுக்குப் பத்து நாளு. எனக்கு ஒரு மாசம் வேணும். அதுவரைக்கும் கடையில ஒண்ணுகூட விக்கக் கூடாது. நல்லா இருந்தா காசு குடுத்துதான் எடுத்துக்குவேன், சும்மா வேணாம்.”

சரி என்று ஒத்துக்கொண்டேன், அக்கா.