விண்ணப்பதாரரை எப்படி அழைப்பீர்கள்?

ஜூன் 3, செவ்வாய்

படிவங்கள் வந்துவிட்டன. மொத்தம் ஒன்பது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். என் அறிவியல் புத்தகத்தைவிட ஐம்பது கிராம் அதிகம்.

கணவரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் அம்மாவுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் 'பொறுப்பாளர்'. வரவேண்டிய கணவருக்கு 'விண்ணப்பதாரர்'. எனக்கும் ஒரு பெயர் உண்டு: 'சார்ந்திருப்பவர்'. வேடிக்கைதான். இப்போதைக்கு அவர்கள் இருவரும்தான் என்னைச் சார்ந்திருக்கிறார்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் திரும்பி வந்துவிடுமாம். இந்த வீட்டில் ஒழுங்கான கையெழுத்து எனக்குத்தான். அம்மா பொய்ப்பல் செய்கிறவள். கடைவாய்ப்பல்லை அரை மில்லிமீட்டர் பிசகாமல் செதுக்குவாள். பேனாவைக் கொடுத்தால் மட்டும் எழுத்துகள் ஆளுக்கொரு திசையில் நடந்து போகும்.

பெரியம்மா வந்திருந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"ஏன்டி, கல்யாணம் பண்ணிக்கிட்டது நீ, பரீட்சை எழுதுறது உன் பொண்ணா?"

"அவளுக்குப் பிடிச்சிருக்குக்கா" என்றாள் அம்மா.

பிடித்திருக்கிறதுதான். கட்டங்களை நிரப்புவது பிடித்திருக்கிறது. கட்டங்களுக்குள் வரப்போகும் ஆளைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர் பெயரை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. படிவங்களில் இருபத்தேழு இடத்தில் எழுத வேண்டுமாம், அது போதும். இங்கே அவர் விண்ணப்பதாரர்.

ஜூன் 7, சனி

படிவம் இரண்டு. 'முதல் சந்திப்பு: நாள், இடம், நோக்கம்.'

இடம்: அம்மா வேலை பார்க்கும் பல் கூடம். ஜன்னல் இல்லாத அறை, எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு, அலமாரி முழுக்க முகமே இல்லாத சிரிப்புகள். நோக்கம் என்ற கட்டத்தில் 'உலை பழுது' என்று எழுதினேன்.

"அப்படியா எழுதுவாங்க?"

"வேற எப்படிம்மா எழுதுறது? பீங்கான் பல் சுடுற உலை கெட்டுப் போச்சு. அதைச் செஞ்ச கம்பெனி ஒரு ஆளை அனுப்பிச்சு. உண்மைதானே?"

உண்மைதான். நாலு மாத ஒப்பந்தத்தில், நாலு வார்த்தைத் தமிழோடு வந்தார். உலையைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியவர் கடைசி வாரத்தில் பதிவு அலுவலகத்தில் அம்மா பக்கத்தில் நின்றார். பிறகு அனுமதி முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தார். உலை இன்றுவரை நன்றாக எரிகிறது.

அடுத்த கேள்வி: 'இது காதல் என்று எப்போது உணர்ந்தீர்கள்? ஐம்பது சொற்களுக்குள்.' இதை எழுதிய அதிகாரி கல்யாணம் ஆனவராக இருக்க முடியாது.

"அதை விட்டுடு. நான் எழுதித் தர்றேன், நீ பார்த்து எழுதிக்க" என்று அம்மா தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இருபது நிமிடம் கழித்து வந்தது. ஐந்தே சொல்.

'உலை சரியாகிவிட்டது. ஆனாலும் மறுநாள் வந்தார்.'

நாற்பத்தைந்து சொல் மிச்சம். திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

சேர்ந்து எடுத்த இருபது புகைப்படங்கள் வேண்டும். இருபத்தொன்று இருக்கின்றன, எல்லாம் பெரியம்மா எடுத்தவை. எட்டில் விண்ணப்பதாரருக்குத் தலை இல்லை. ஆள் ஆறேகால் அடி, பெரியம்மா நாலே முக்கால்.

படிவம் நான்கில் வீட்டின் வரைபடம் கேட்டார்கள். அளவெடுத்து வரைந்தேன்: இரண்டு அறை, கூடம், சமையலறை, குளியலறை. குளியலறைத் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் திறக்கும். அதைச் சொல்லக் கட்டம் இல்லை. வருகிறவருக்குத் தெரியவேண்டிய ஒரே விஷயத்தை அரசாங்கம் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

'பொறுப்பாளரின் முந்தைய திருமணம் முடிவுற்ற தேதி. முடிவுற்ற விதம்.'

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அது ஒரு திருமணம் முடிவுற்ற தேதி என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பேனா தாளைக் கிழித்துவிட்டது. புதுப் படிவம் வாங்க அம்மா மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஏன் கிழிந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

படிவம் ஏழு எனக்கே எனக்கு! பதினான்கு வயது கடந்த பிள்ளைகள் தங்கள் கையால் எழுதி, பொறுப்பாளர் படிக்காமல், உறையை ஒட்டித் தர வேண்டும். மறுக்கப்பட்டால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. இன்றைக்கு என்ன சமையல் என்பதில்கூட எனக்கு இந்த வீட்டில் இவ்வளவு அதிகாரம் இருந்ததில்லை.

மூன்று கேள்விகள் சுலபம். நான்காவது: 'விண்ணப்பதாரரை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?'

அங்கிள்? மாடியில் நாய் வளர்க்கிறவரும் அங்கிள்தான். சார் என்றால் கரும்பலகையைத் தேடுவார். அகராதியில் 'மாற்றாந்தந்தை' இருக்கிறது. 'மாற்றாந்தந்தையே, சாப்பிட வாங்க' என்று அகராதி எழுதியவரே கூப்பிட்டுப் பார்க்கட்டும். பெரியம்மா போன வாரமே, "சித்தப்பான்னு கூப்பிட்டா என்னடி, வாய் வலிக்குமா?" என்றாள். சித்தப்பா என்றால் சின்ன அப்பா. ஆறேகால் அடிக்குச் சின்ன அப்பா! அதோடு, சின்னதோ பெரியதோ, அந்தச் சொல்லுக்குள் அப்பா இருக்கிறார்.

அம்மா வாசலில் நின்று, "என்ன தோணுதோ அதை எழுது. எனக்காகப் பொய் எழுதாதே" என்றாள்.

எழுதவில்லை. ஒரு கோடு போட்டேன். இப்படி: —

ஒட்டிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

நேர்காணல். அம்மா இங்கே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், விண்ணப்பதாரர் அவர் ஊரில் ஏதோ ஒரு திரைக்கு முன்னால். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் 'அமைதி' என்று ஒட்டியிருந்த தாளில் ஒற்றுப்பிழை தேடினேன். ஒரே சொல்லில் எங்கிருந்து வரும்?

அம்மா வெளியே வந்தாள். "எல்லாம் நல்லாத்தான் போச்சு. என்ன சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன்."

ஒட்டிய உறைக்குள் இருந்த என் கோடு ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

கடிதம் வந்தது. முழுவதும் எழுதி வைக்கிறேன், அழியாமல் இருக்கட்டும்.

'பொறுப்பாளர், விண்ணப்பதாரரைத் தாம் "என்னங்க" என்று அழைப்பதாகக் கூறினார். விண்ணப்பதாரர், அவ்வீட்டில் தமது பெயர் "இங்க பாருங்க" என்று கூறினார். சார்ந்திருப்பவர் கோடு இட்டுள்ளார். மூன்று விடைகளும் முரண்படுவதால் உறவின் உண்மைத்தன்மை ஐயத்துக்குரியது. இருபத்தொரு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தராவிடில் விண்ணப்பம் மறுக்கப்படும்.'

அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். 'இங்க பாருங்க' அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும். நாலு மாதமும் உலையைக் காட்டிக் காட்டி, இங்க பாருங்க, இங்க பாருங்க என்று சொன்னவள் அவள்தான். பாவம், பெயர் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு மூன்றாவது வரிக்கு வந்தாள். சிரிப்பு நின்றது.

"கோடா போட்ட?"

"ம்."

"சரி" என்றாள். கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "பொய் எழுத வேண்டாம்னு நான்தானே சொன்னேன்."

திட்டியிருக்கலாம். நாலு அறை அறைந்திருக்கலாம். சரியாம், சரி! எல்லாத்துக்கும் சரின்னா நான் என்னதான் பண்றது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விளக்கத்தை நானே எழுதுகிறேன் என்றேன். அம்மா கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மதியத்துக்குள் நாலு தாள் கசங்கியது. ஐந்தாவது இது:

'மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு, "என்னங்க" என்பது பெயர் அல்ல. "இங்க பாருங்க" என்பதும் பெயர் அல்ல. இரண்டும் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கான வழிகள். என் பெரியம்மா இருபத்தாறு வருடங்களாகப் பெரியப்பாவை "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறார். கடைத்தெருவில் கூப்பிட்டால் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் வருவது பெரியப்பா மட்டும்தான். அவர்கள் உறவின் உண்மைத்தன்மையை இதுவரை யாரும் ஐயப்படவில்லை. அம்மா விண்ணப்பதாரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்தான் தாங்கள் ஐயப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது விடை என்னுடையது. அது முரண் அல்ல. நான் அவரை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.'

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. இதோடு அனுப்பினால் அது உண்மையாக இருக்கும், ஆனால் முழு உண்மையாக இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனை என் கையில் திணிக்கும்போது நான் அவரிடம் பேசியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கூப்பிடாமல்தான் பேசியிருக்கிறேன். ஆனால் பேசியிருக்கிறேன். எழுதினேன்:

'ஆனால் அவரிடம் நான் கேட்டவை இவை: சாப்பிட்டீங்களா? அங்க குளிருதா? எப்ப வருவீங்க? கடைசிக் கேள்வியைக் கேட்கும்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அழைக்கும் சொல் இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அவர் இங்கே இருந்தால் வசதியாக இருக்கும்.'

அம்மா படித்தாள். கையெழுத்துப் போட்டாள். வழக்கம்போலக் கோணல். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது, நல்லவேளை, மையில் படவில்லை. அடித்தல் திருத்தல் மட்டுமல்ல, ஈரமும் ஏற்கப்படாது என்று ஞாபகப்படுத்தினேன்.

"போடி" என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

அனுமதி. காரணம் எதுவும் எழுதவில்லை. என் கடிதத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

அக்டோபர் 10, வெள்ளி

வந்துவிட்டார். வாசல் நிலைப்படியில் தலை இடித்தது. வரைபடத்தில் அந்த அளவையும் போட்டிருந்தேன், யார் பார்த்தார்கள்?

அக்டோபர் 12, ஞாயிறு

இதுவரை பார்த்தவை: சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார். என் புத்தக அலமாரி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஒன்றையும் தொடவில்லை. அம்மா 'இங்க பாருங்க' என்றால் இன்னும் 'வருகிறேன்' என்கிறார்.

காலையில் அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். மேசையில் இன்னொரு படிவம். ஒன்பது போதாதாம், வந்து சேர்ந்ததற்கும் ஒன்று: வீட்டில் வசிப்பவர்களின் பட்டியல். அவர் பெயருக்கு நேரே, 'சார்ந்திருப்பவருக்கு உறவுமுறை' என்ற கட்டத்தை அம்மா காலியாக விட்டிருந்தாள். அதைப் பார்க்காத மாதிரி மற்றதை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

குளியலறைக் கதவு ஆடியது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு ஒரு மரியாதையான தட்டல். வெளியே வரத் தட்டுகிற முதல் மனிதர்.

தாழ்ப்பாள்! இரண்டு நாளாகக் கதவைச் சும்மா சாத்திக்கொண்டிருந்தார் போல, இன்றைக்குத்தான் போட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. ஓடினேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தடதடவென்று அவர். என்னங்க அம்மாவுடையது. இங்க பாருங்க என்றால் உள்ளிருந்து எதைப் பார்ப்பார்? எதையாவது சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். விட்டால் உடைத்துவிடுவார் போலிருந்தது.

"சித்தப்பா! இழுக்காதீங்க! தூக்கிப் பிடிச்சு இழுங்க!"

உள்ளே சத்தம் நின்றது.

"சித்தப்பா… யார்?"

"நீங்கதான்."

பிறகு தாழ்ப்பாள் தூக்கப்படும் சத்தம். கதவு திறந்தது. சின்ன அப்பா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

அம்மா திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். தான் காலியாக விட்டிருந்த கட்டத்தில் விரல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"உன் எழுத்து எப்பவும் முத்து மாதிரி இருக்குமே. இந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் கோணிக்கிட்டுப் போயிருக்கு?"

"கட்டம் சின்னதும்மா" என்றேன்.