மழைநீர்க் குழாயின் வாய்

ஐப்பசி, செவ்வாய் இரவு

நாளை போலீஸ் கேட்டால் என்ன சொல்வேன்? தெரியவில்லை.

ஊர் மழைநீரை இனி வடிகட்டி, ஒரே குழாய் வழியாக ஏரியில் ஓரிடத்தில்தான் விட வேண்டும் என்பது நகராட்சியின் புதிய விதி. இன்றைய கூட்டத்தில், மீன் வலையே இல்லாத இடம் என்று நகராட்சிப் பொறியாளர் குழாயின் வாய்க்கு ஓரிடத்தைக் காட்டினார். அது எங்கள் மீனவக் குப்பத்தார் ஆளுக்கொரு நாள் முறை வைத்து இறால் பிடிக்கும் இடம். அவர் பார்க்கப் போன அன்று யாருக்கும் முறை இல்லை.

எங்கள் குப்பத்து ஏழுமலை எழுந்தார். "ஞாயித்துக்கெழம உன் ஆபீஸ்ல ஆளில்ல நைனா. காலி எடம்னு நாங்க வந்து குப்ப கொட்லாமா?"

பொறியாளர் சிரித்தார். ஏழுமலை இரும்பு நாற்காலியால் அவர் முகத்தில் அடித்தார். பல் தெறித்தது. மறு அடியில் கை முறிந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

புதன்.

கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். ஏழுமலையைக் கைது செய்தார்கள். மாலையில் நகராட்சியார் குழாயின் வாயை வேறிடத்துக்கு மாற்றி விதியைத் திருத்தினார்கள்.