‘எது?’ என்று கேட்டீர்களே, ஜமீலாக்கா

என் பிரியமான ஜமீலாக்காவுக்கு,

உங்கள் புத்தகங்கள் எல்லாம் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. லைனிங் துணி வந்த அட்டைப்பெட்டிகள் ஏழு. கட்டிலுக்கு அடியில் நான்கு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று. நான்கு நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவந்து ஒரு பெட்டியைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். என் வீட்டுக்காரர், “ஏம் பூங்கொடி, புஸ்தகத்துல பூச்சி கீச்சி ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்டார். ஆமாம், இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுவாரம் ரிஸ்வானா போன் செய்தாள். ராசிபுரம் கடையைக் காலி செய்கிறாளாம். செல்போன் கவர் விற்கிற ஒருவர் வாடகைக்குக் கேட்டிருக்கிறார். “நூலு, பொத்தான், கொக்கி எல்லாத்தையும் சேலத்து யாவாரி ஒருத்தர் எடுத்துக்கறேன்னுட்டார் சின்னம்மா. அம்மாவோட கவிதைப் புஸ்தகத்தத்தான் ஒருத்தரும் சீண்ட மாட்டேங்கறாங்க. நீங்க வந்து எடுத்துக்கிட்டாத்தான் அம்மாவுக்கும் நிம்மதியா இருக்கும்” என்றாள். உங்கள் மகள் உங்களை மாதிரியேதான் பேசுகிறாள். கேட்கிற மாதிரி இருக்கும், ஆனால் உத்தரவு.

நீங்கள் இல்லாத கடைக்குள் நுழைய ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நூல்கண்டு அடுக்குகள் பாதி காலியாகிவிட்டன. மேசைக்குக் கீழே, பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னால், நீங்கள் ஒளித்து வைத்த ஒல்லிப் புத்தகங்கள் மட்டும் அப்படியே இருந்தன. கடைக்கு வரும் டெய்லர்களை நீங்கள் படுத்திய பாடு ஞாபகம் வந்தது. துணித்துண்டையும் நூலையும் கையில் கொடுத்து, “கடை லைட்டுல நிறம் ஏமாத்தும். வாசலுக்குப் போயி வெயில்ல வெச்சுப் பாருங்க” என்று விரட்டுவீர்கள். அவசரமாக வந்தவர்கள் கூட முனகிக்கொண்டே வாசலுக்குப் போவார்கள்.

கவிதைப் புத்தகத்தையும் நீங்கள் அப்படித்தான் வாங்கினீர்கள். சேலம் புத்தகக் கண்காட்சியில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்குப் பந்தலை விட்டு வெளியே நடக்க, ஸ்டால்காரர் பதறியடித்துப் பின்னாலேயே ஓடிவந்தாரே! நீங்கள் வெயிலில் நின்று ஒரே ஒரு கவிதையைப் படித்தீர்கள். அவர் காத்துக்கொண்டு நின்றார். “இது வேண்டாங்க” என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த மனுசர் முகம் போன போக்கை நினைத்து நாம் பஸ்ஸில் ஆட்டையாம்பட்டி வரும்வரை சிரித்தோம்.

நான் அப்படி இல்லை. எனக்கு அட்டை நன்றாக இருந்தால் போதும். வாங்கிய கையோடு டீ டம்ளர் பக்கத்தில் புத்தகத்தை வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவேன். நாற்பது பேர் இதயம் அனுப்புவார்கள். அதற்குள் டீ ஆறிவிடும், புத்தகமும் அலமாரிக்குப் போய்விடும். கவிதைப் பிரியர்களில் பாதிப் பேர் என் ஜாதிதான் அக்கா. ஸ்டாலில் நின்றபடியே முழுப் புத்தகத்தையும் படித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள், பிடித்த பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு நழுவுகிறவர்கள், எழுதியவர் பக்கத்தில் நிற்கிறாரே என்ற கூச்சத்துக்காக வாங்குகிறவர்கள். நாம் எல்லோரையும் கேலி செய்திருக்கிறோம். என்னை மட்டும் நீங்கள் கேலி செய்ததில்லை. ஏன்?

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் எப்போது கேட்டாலும், “கவிதைங்களா? அதெல்லாம் ராசிபுரத்து அக்காவுக்கு எடுத்து வெச்சிருக்கறனுங்க. வேற ஆரு வாங்கறாங்க?” என்பார் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் அந்த அக்கா, ஜில்லாவில் எடைக்குப் போகிற கவிதையை எல்லாம் ஒற்றை ஆளாய் அள்ளுகிறவர் என்று ஒரு சனிக்கிழமை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் கொக்கி எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான் பேசி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டி, “படிச்சுட்டு வந்து எது புடிச்சுதுன்னு சொல்லு கண்ணு, அப்பறம் சண்ட போடலாம்” என்றீர்கள்.

அந்த ‘எது?’ உங்களுடையது. மற்றவர்கள் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார்கள். அதற்கு “நல்லா இருந்துச்சு” என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நீங்கள் எது என்றுதான் கேட்பீர்கள். பக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் நீங்கள் தையல் போட்டிருந்தீர்கள் என்றால் உங்கள் முகம் மலரும். பிடித்த கவிதையின் ஓரத்தில், ஊசியில் நூல் கோத்து ஒரே ஒரு தையல். பென்சில் கோடு அழிந்துவிடும், மடித்தால் தாள் ஒடிந்துவிடும் என்பீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் நிறம் பார்த்து நூல் எடுப்பீர்கள்.

ஆறு வருசத்துக்கு முன்னால் நீங்கள் கொடுத்த அந்தத் தொகுப்புக்கு இப்போது வருகிறேன் அக்கா. சுற்றி வளைத்தது போதும்.

எண்பது பேர் ஆளுக்கு ஒரு கவிதை எழுதிய கூட்டுத் தொகுப்பு அது. அந்த மாதிரிப் புத்தகம் என்றாலே எனக்கு இளக்காரம். “கல்யாணப் பந்தியில எலை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம். அவங்கவுங்க எலைய மட்டும் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க” என்று உங்களிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன்? அப்படிச் சொன்னவளிடம்தான் அதைக் கொடுத்தீர்கள். முதல் பக்கத்தில் என் பெயர் எழுதி, “சும்மா பொரட்டிப் பாரு” என்றீர்கள். உங்கள் குரலில் அன்றைக்கு ஏதோ ஒன்று இருந்தது. நான் கவனிக்கவில்லை.

புரட்டவும் இல்லை. அடுத்த முறை வந்தபோது, “எது புடிச்சுது?” என்று கேட்டீர்கள். கையிலிருந்த லேஸைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். எனக்கு ஒரு பக்கமும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“எல்லாமே நல்லா இருந்துச்சுக்கா.”

“எல்லாமேவா?”

“எல்லாமேதான்.”

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு லேஸைச் சுற்ற ஆரம்பித்தீர்கள். டீ சொல்லட்டுமா என்று கேட்டீர்கள்.

மறு வருசம் நாங்கள் வீடு மாறினோம். இடம் போதவில்லை. வேண்டாத புத்தகம் என்று ஒரு கட்டு போட்டேன், அதில் அந்தத் தொகுப்பும் போனது. போகிற இடத்தில் யார் பெயரையும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முதல் பக்கத்தைக் கிழித்தேன். நம்மைப் போன்றவர்கள் எல்லோரும் செய்கிற தந்திரம்தானே? பழைய புத்தகக் கடையில் கொடுத்தால் உங்களிடம் வந்துவிடும் என்று தெரியும். அதனால் தெருவில் வந்த பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். அவர் புத்தகங்களைத் தனியே பிரித்து அதே கடைக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான்கு நாளுக்கு முன்னால், மூன்றாவது பெட்டியில் அது இருந்தது.

முதலில் அடையாளம் தெரியவில்லை. பிரித்தேன். முதல் பக்கம் இல்லை. முதுகை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல், அதில் உங்கள் கையெழுத்தில் ஒரு ‘பூ’. மீதிப் பூங்கொடி என் வீட்டுக் குப்பைக்கூடையில் போயிருப்பாள். அந்தக் கிழிசல் மேலும் பிரியாமல் இருக்க நான்கு தையல் போட்டிருக்கிறீர்கள். தாளின் நிறத்திலேயே நூல் எடுத்திருக்கிறீர்கள், கிழிந்தது தெரியக் கூடாதென்று. விரலால் தடவினால்தான் தெரிகிறது.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் இன்னொரு தையல். அது பழையது, எனக்குக் கொடுக்கும்போதே போட்டதாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் கீழே ‘ஜமீலா, ராசிபுரம்’ என்று அச்சாகியிருக்கிறது. உள்ளடக்கத்திலும் இருக்கிறது அக்கா. நான் நான்கு தாள் திருப்பியிருந்தால் போதும்.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்:

எல்லா நிறத்திலும் நூல் இருக்கிறது என்னிடம்.
கிழிந்ததைக் கொண்டுவருபவர்கள்
கிழிந்த கதையையும் சொல்கிறார்கள்.
நிறம் பார்த்து எடுத்துத் தருகிறேன்.
உன் துணி எந்த நிறம் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

நான் இதை அடுப்படியில் நின்று படித்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கூடவே உங்கள் மேல் கோபமும் வந்தது. ஏன் சொல்லவில்லை? “இது நான் எழுதினதுடி” என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் எழுதுகிற லாரி வரிகளை எல்லாம் கேட்டுச் சிரித்தீர்களே! லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஆபீசில் வேலை பார்ப்பதால், வண்டிக்குப் பின்னால் எழுத ரெண்டு வரி வேண்டும் என்று என்னைத்தான் கேட்பார்கள். “பின்னால ஆரன் அடிச்சுட்டு வாரவனுக்கு டக்குனு புரியோணுமுங்க, இந்த வார்த்தைய மாத்திக் குடுங்க” என்று ஒரு ஓனர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு சொல்லையும் அந்த மனுசர் படித்தார். அவர் படித்த அளவு கூட நான் உங்களைப் படிக்கவில்லை.

அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்த நாள் எது? கடைக்காரர் கட்டோடு கொடுத்தாரா, நீங்களே பிரித்தீர்களா? அதற்கப்புறம் எத்தனை சனிக்கிழமை வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நீங்கள் எப்போதும் போலப் புத்தகம் கொடுத்தீர்கள். ஆனால் கடைசி நாலைந்து வருசமாக ‘எது?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். வயதாகிறது, அக்காவுக்கு ஞாபகம் இருப்பதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கேட்காமல் விட்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஏழு பெட்டியையும் கிளறிவிட்டேன். உங்கள் பெயரில் வேறொரு கவிதை இருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுப்பின் உள்ளடக்கத்தையும் பார்த்துவிட்டேன். இல்லை. ஒன்றே ஒன்றுதான் எழுதினீர்களா? அல்லது என் ‘எல்லாமே’வைக் கேட்டபிறகு போதும் என்று விட்டுவிட்டீர்களா? இதுதான் அக்கா என்னைத் தூங்கவிடாத பூச்சி. இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்று மத்தியானம் ரிஸ்வானா போன் செய்தாள். “சின்னம்மா, அம்மா இத்தன படிச்சாங்களே, அவங்களா ஒரு வரியாச்சும் எழுதியிருக்க மாட்டாங்களா? பெட்டியில ஏதாச்சும் துண்டுச்சீட்டு கெடச்சுதுங்களா?” என்று கேட்டாள். புத்தகம் என் மடியில் இருக்கிறது. “பாக்கறேன் கண்ணு” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆறு வருசம் ஆகியும் நான் திருந்தவில்லை பாருங்கள்.

ஒரு குறுக்கு யோசனையும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிடலாம். மகளுக்குக் கவிதை கிடைத்துவிடும், கிழித்தவள் யார் என்று கேட்க மாட்டாள். படம் கூட எடுத்துவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்தத் தையல் நூலின் நிறம் தெரியவில்லை. நீலமா, பச்சையா? நேரில் பார்த்தாலும் தெரியவில்லை. படத்தை அழித்துவிட்டேன்.

நாளைக் காலை ராசிபுரம் வருகிறேன். கடைச் சாவியை ரிஸ்வானா நாளைக்குத்தான் ஒப்படைக்கிறாள். அதற்குள் அவளைக் கடை வாசலுக்குக் கூட்டிவந்து, வெயிலில் அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுப்பேன். பிறகு முதல் பக்கத்தையும் காட்டுவேன். கிழித்தது நான் என்று சொல்வேன். தைத்தது யார் என்பதை அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வாள். அவள் என்னை என்ன சொன்னாலும் சரி. அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது என்று அவளிடம் கேட்பேன், அவளுக்கும் தெரியாவிட்டால் அந்த நூலை ரெண்டு பேரும் சேர்ந்து வெயிலில் பார்ப்போம்.

நீங்கள் லேஸைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டீர்களே, எது என்று. அறுபத்தொன்றாம் பக்கம், அக்கா.

இப்படிக்கு,
பதிலை ஆறு வருசம் தாமதமாகச் சொல்லும் உங்கள் தங்கை,
பூங்கொடி