மாம்பழத்தை மறந்துவிட்டுப் போன சனிக்கிழமை

என் தங்க அம்மாவுக்கு,

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வாய் நிறைய வைத்துக்கொண்டு திரிகிறேன். பல் கிளினிக் கவுண்டரில் வேலையில் உட்கார்ந்தாலும் சிரிப்பு வருகிறது. பல் வலியோடு வந்த ஒரு பெரியவர், “என்னம்மா, நல்ல செய்தியா?” என்று கேட்டேவிட்டார். ஆமாம் என்றேன். யாரிடம் முதலில் சொல்வது? உன்னிடம்தானே!

நான் இனிப்பு செய்தேன், அம்மா. நானேதான். கேசரி கிண்டச் சொன்னால் கட்டி கட்டியாகக் கொண்டுவந்து நீட்டுவேனே, அதே கோகிலாதான். அதையும் அப்பா வீட்டுப் பாட்லக்கிற்குக் கொண்டுபோனேன். நம் வீட்டில் ஏது பாட்லக் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறுமையாகக் கேள். கோபம் வந்தாலும் கடைசிவரை கேள்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க குருண் கிளினிக்குக்கு அப்பா தனியாகத்தான் போய்வந்தார். அங்கே நம்பர் கூப்பிடக் காத்திருக்கும் நாற்காலியில் ஒரு பழக்கம். பெயர் இந்திராணி. அவருக்கும் சர்க்கரை. வீட்டுக்காரர் தவறிப் பல வருடம் ஆகிறது, பீடோங்கில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துத் தனியாக இருக்கிறார். போன தீபாவளிக்குப் பிறகு அப்பா என்னிடம் சொன்னார். நேரில் சொல்ல முடியாமல், நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் சரி என்றால்தான் என்றார்.

அன்றைக்குக் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன் என்பது உண்மை. ஆனால் அவர் சாப்பிடும் தட்டை நான் பார்த்திருக்கிறேன் அம்மா. ரொட்டியும் டப்பா மீனும். நான் சரி என்றேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

தம்பி சரவணன் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை குருண் ஃபேக்டரியில், இருப்பது அப்பாவோடு ஒரே வீட்டில். இருந்தும் இரண்டு மாதம் அப்பாவோடு பேசவில்லை. நான் போன் செய்தபோது ஒன்றே ஒன்று சொன்னான். “அப்பா யாரை வேணும்னாலும் கட்டிக்கட்டும்க்கா. அம்மா அடுப்புல மட்டும் வேற யாரும் கை வைக்கக்கூடாது.”

இந்திராணி ஆன்ட்டியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அடுப்பு மூட்டாமல் எப்படி விருந்து? அப்போதுதான் எனக்குத் தோன்றியது, பாட்லக் வைத்தால் என்ன? அவரவர் வீட்டில் சமைத்து ஆளுக்கொன்று கொண்டுவருவோம், உன் அடுப்பை யாரும் தொட வேண்டாம். சரவணனால் மறுக்க முடியவில்லை. ரைஸ் குக்கர் அடுப்பில் சேராது என்று வாதாடி, சோறு ஆக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். கோழி பொரியலைக் கடையில் வாங்கிவிடுவதாகச் சரவணன் சொன்னான். இனிப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கு வந்த பயத்தைக் கேட்காதே. கிளினிக்கில் கூட வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, காக் ரோஸ்தான் வழி காட்டினார். ரொம்ப செனாங் லா, சுலபம், கெட்டுப்போகவே வழியில்லை என்றார். மாரி பிஸ்கட்டைப் பாலில் ஒரு முக்கு முக்கித் தட்டில் அடுக்க வேண்டும். கஸ்டர்ட் மாவைப் பாலில் காய்ச்சி அதன்மேல் ஊற்ற வேண்டும். மறுபடி பிஸ்கட், மறுபடி கஸ்டர்ட். ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியில் இருந்தால் இறுகிவிடும். பரிமாறும் முன்னால்தான் மேலே பழம். முதலிலேயே வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளுமாம். இரண்டு சர்க்கரைக்காரர்கள் சாப்பிடப்போவதால் சீனியைப் பாதியாகக் குறைத்தேன். இனிப்பைப் பழம் பார்த்துக்கொள்ளும் என்று நல்ல மாம்பழமாக நான்கு வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து செய்தேன். கஸ்டர்டைக் கரண்டியை விடாமல் கிண்டினேன், ஒரு கட்டி இல்லை! சனிக்கிழமை காலையில் மெர்கோங்கில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். என் வீட்டுக்காரர் கார் ஓட்ட, தட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். குருண் வந்து, வீட்டு மேசைமேல் தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பையைத் திறந்தால், மாம்பழம் இல்லை. அது மெர்கோங்கில் சமையல் மேடைமேல் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து இந்திராணி ஆன்ட்டி உள்ளே வருகிறார். கையில் பெரிய பாத்திரம். விடியற்காலையில் தஞ்சோங் டாவாய் போய் வாங்கிய மீனில் புளிக்குழம்பு. சின்ன உருவம், பருத்திப் புடவை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு யார் முகத்தையும் நேராகப் பார்க்கத் தயங்குகிற ஆள். நானோ வரவேற்கவும் தோன்றாமல் பழத்தை மறந்துவிட்டேன், பழத்தை மறந்துவிட்டேன் என்று அழாத குறையாக நிற்கிறேன்.

சரவணன் சட்டென்று கார் சாவியை எடுத்தான். அந்த வீட்டை விட்டு வெளியே போக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, எனக்குத் தெரியும். வாசலுக்குப் போனவனிடம் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். “நானும் வர்றேன் தம்பி. மாம்பழத்தை மோந்து பார்த்துத்தான் வாங்கணும்.”

அப்பா எழுந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார். சரவணன் போய்க் காரைக் கிளப்பினான். இரண்டு பேரும் போனார்கள்.

பழக்கடை இருப்பது மெயின் ரோட்டில், பத்து நிமிஷ வேலை. அரை மணி நேரம் ஆகியும் கார் வரவில்லை. அப்பா ரைஸ் குக்கரைத் திறந்து திறந்து மூடினார். சண்டை போட்டுக்கொண்டார்களோ, நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டானோ என்றெல்லாம் என் புத்தி போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். அவன் கையில் இரண்டு பை. மாம்பழம், டிராகன் பழம், கறுப்புத் திராட்சை. கண் கொஞ்சம் சிவந்திருந்தது.

நேராகச் சமையலறைக்குப் போய் மாம்பழத்தைக் கழுவ ஆரம்பித்தான். அந்த அம்மா சமையலறை வாசலோடு நின்றுவிட்டார். ஒரு எட்டு வைக்கவில்லை. பழத்தை நீயே நறுக்கிக்கொள்ளம்மா என்று என்னிடம் சொன்னார். குழாய்த் தண்ணீர் நின்றது. சரவணன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“உள்ள வாங்க ஆன்ட்டி. கத்தி ரெண்டாவது டிராயர்ல இருக்கு.”

கேட்டாயா, அம்மா? அவர் உள்ளே வந்தார். உன் அடுப்பைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு நறுக்க உட்கார்ந்தார். அவர் நறுக்க நறுக்க நான் அடுக்கினேன். மஞ்சள் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, நடுநடுவே திராட்சை. தட்டில் ஒரு மூலை சரியாக இறுகாமல் தொளதொளவென்று இருந்தது, அங்கே பழத்தைக் கூடுதலாக வைத்து மறைத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை! அப்பா இரண்டு துண்டு கேட்டார். ஒன்று போதும், அதற்குமேல் போனால் மாத்திரை வேலை செய்யாது என்று ஆன்ட்டி தடுத்ததும் சரவணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து அவன் சிரிப்பதைக் கேட்கிறேன் தெரியுமா?

ஆன்ட்டி கிளம்பிப் போன பிறகு, பின்னால் பாத்திரம் கழுவும்போது அவனிடம் கேட்டேன், அவ்வளவு நேரம் காரில் என்னடா பேசினீர்கள் என்று. தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

“உங்கம்மா எப்படி இருப்பாங்க தம்பின்னு கேட்டாங்கக்கா. மூணு வருஷத்துல யாருமே கேக்கல. அம்மா பேரை எடுத்தாலே எல்லாரும் பேச்சை மாத்துறாங்க. நீயும்தான்.”

உண்மைதான் அம்மா. அவனுக்கு வலிக்கும் என்று நான் பேசவில்லை. எனக்கு வலிக்கும் என்று அவன் பேசவில்லை. உன்னைப் பார்த்தே இராத ஒருத்தர், கடைக்கு முன்னால் நின்ற காரில் உட்கார்ந்தபடி, அவன் அழுது முடிக்கும்வரை உன் கதையைக் கேட்டிருக்கிறார். நீ சத்தம் போடுவது, தும்மினால் ஏழு முறை தும்முவது, எல்லாம் சொன்னானாம்.

அடுத்த மாதம் அலோர் ஸ்டாரில் பதிவு. சாட்சிக் கையெழுத்து போடுவது யார் தெரியுமா? சரவணன். அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

உனக்கு இதில் வருத்தம் இருக்கிறதா? இருந்தால் என் கனவில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாக்கு தருகிறேன். இனி அழுகை வருமே என்று உன் பேச்சை விழுங்க மாட்டேன். அழுகை வந்தால் அழுதுவிட்டு, மீதியையும் சொல்லி முடிப்பேன்.

உன் மூத்த மகள்,
சரவணனுக்கு அக்கா,
கோகிலா