கீழ்த்தட்டில் கிடந்த சாட்சி

பலேர்மோ,
புதன்கிழமை

அன்புத் தங்கச்சி அனிற்றாவுக்கு,

நான் சுகம். நீயும் என் ஞானமகள் யூலியானாவும் மன்னாரில் சுகமாயிருக்க மடு மாதாவை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நீ அழுவாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மனுசன் பிறின்ஸ் பிரான்காச்சோப் பக்கத்து வாடகை அறையில்தான் இருக்கிறான். ஊன்றுகோலோடு குசினி வரை நடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கபோ சந்தையில் மீன் வாங்கிச் சொதி வைத்துக் கொண்டுபோனேன். உப்புக் காணாது என்றான். குறை சொல்லத் தொடங்கிவிட்டான் என்றால் ஆள் தேறுகிறான் என்று எடுத்துக்கொள்.

இனி வழக்கு. கப்பலில் வாகனங்கள் ஏறும் இரும்புக் கதவு இறங்கி அவன் காலை நசுக்கியதற்கு அவனேதான் காரணமாம். எச்சரிக்கை மணி அடித்த பிறகும் கீழே நின்றானாம். கப்பல் கம்பனி அப்படிச் சொல்கிறது. அதையே நீதிமன்றமும் நம்பினால் வேலை போகும், பிறகு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் போகும், அவன் இந்த நாட்டில் இருக்க முடியாது.

நம்முடைய ஆட்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள். சாட்சிகளான அகஸ்ரினையும் றஞ்சித்தையும் மாதா கோவில் மண்டபத்தில் இருத்தி, சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினார்கள். இரண்டு பேரும் நீதிமன்றம் போய், செபமாலை சொல்வதுபோல ஒரு சொல்லும் மாறாமல் ஒப்புவித்தார்கள். கம்பனியின் சட்டத்தரணி சிரித்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மிச்சம் அந்தக் கப்பலில் துப்புரவு வேலை செய்யும் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, கண்ணாலை கண்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று நீ கெஞ்சினது காதிலேயே நிற்கிறது.

காலையில் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. ஆயிரத்து அறுநூறுகளில் லண்டன் கடல் நீதிமன்றத்தில் ஓர் ஆங்கில வியாபாரி கொடுத்த வாக்குமூலத்தை இத்தாலிய மொழிக்கு மாற்றுகிறார். நான் சட்டை மினுக்கும்போது வாசித்துக் காட்டுவார். பலேர்மோவுக்கு வந்த கப்பலில் அவனுடைய சிநேகிதனின் துணிப் பொதிகள் எல்லாம் நனைந்துவிட்டன. புயலால் நனைந்ததா, கப்பல்காரன் மேல்மூடியைச் சரியாக மூடாததாலா என்பதுதான் வழக்கு. மூடாததைக் கண்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சிநேகிதன் தப்பியிருப்பான். அவனோ, நான் கீழ்த்தட்டில் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன், மூடினதையோ மூடாததையோ நான் காணவில்லை, புயலுக்கு முன்னமே என் பாயில் தண்ணீர் வடிந்தது, அது மட்டும்தான் தெரியும் என்றானாம். யார் வெல்ல வேண்டும் என்று நீ விரும்புகிறாய் என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சாட்சியிடம் அதையும் கேட்பார்களாம். நியாயம் வெல்லட்டும் என்றானாம்.

முடிவில் யார் வென்றது என்று கேட்டேன். தீர்ப்பு எழுதின தாள் கிடைக்கவில்லை என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அனிற்றா, நான் கண்டேன் என்று சொல்லமாட்டேன். அன்று மேலே கபினில் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டு நின்றேன். முதலில் இரும்பு விழுந்த சத்தம். அடுத்தது பிறின்ஸின் குரல். மணி அதற்குப் பிறகுதான் அடித்தது. கேட்டதைக் கேட்டேன் என்றே சொல்வேன்.

பிறின்ஸிடமும் சொல்லிவிட்டேன். "அது காணுமோ அக்கா?" என்றான். தெரியாது என்றேன். "பாடமாக்காமப் போங்கோ" என்றான்.

யார் வெல்ல வேண்டும் என்று இந்தக் காலத்தில் சாட்சியிடம் கேட்பதில்லையாம். நல்லதாய்ப் போயிற்று. கேட்டால் அந்த வியாபாரிபோல நியாயம் வெல்லட்டும் என்று சொல்ல என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது எனக்கும் சேர்த்து ஒன்று கொளுத்து. அப்பா நடக்கிறார் என்று யூலியானாவிடம் சொல். கோபமென்றால் கோபத்தோடேயே பதில் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
கிளறா அக்கா