அண்ணன் இல்லாதவர்களின் வரிசை

மார்ச் 3

அன்பு அண்ணா,

உன் நலம் அறிய ஆவல் என்று எழுத மாட்டேன். உங்கள் இணைய கம்பெனியின் விளம்பரத்தில் நீ சிரிப்பதைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய்.

ஏன் கடிதம் என்கிறாயா? வீடியோவில் பேசினால் பாதி வாக்கியத்தில் என் கை உறைந்துவிடுகிறது. குறுஞ்செய்தியில் சண்டை போட்டால் திருப்தியாக இல்லை. நீங்கள் ‘விரைவுப் பாதை’ கொண்டுவந்ததிலிருந்து பணம் கட்டிய தளங்கள் பறக்கின்றன, நான் இணையத்தில் எடுக்கும் கணக்கு வகுப்பு நொண்டுகிறது. மற்றவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். என்னைப்போல் காது கேட்காமல் கையால் பேசும் என் பிள்ளைகளுக்குப் படம்தான் குரல். போன வாரம் வகுப்பில் பெட்டிக்கடைக்காரர் மகள் கையை நீட்டி என்னவோ கேட்டாள். படம் நின்றது. திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

இதைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்று நினைத்தீர்களா? தொலைத்தொடர்பு ஆணையத்துக்குப் புகார் எழுதிவிட்டேன்.

உன் வாலு


மார்ச் 11

அன்புள்ள வாலு,

எழுத்தில்கூட உன் கை ஓயாது போலிருக்கிறது. கோபப்படாமல் கேள். கம்பியும் கருவியும் வானத்திலிருந்து விழவில்லை. சினிமா காட்டுகிற தளங்கள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, காசு தரமாட்டோம் என்றால் எப்படி? ஆஸ்பத்திரியும் அரட்டையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டுமா?

உன் பிரச்சினையை முடித்துவிட்டேன். மேலாளரிடம் சொல்லி உன் வகுப்பை விரைவுப் பாதையில் இலவசமாகச் சேர்த்தாயிற்று. இனித் தங்குதடையில்லாமல் ஓடும். புகாரை மட்டும் திரும்ப வாங்கிக்கொள். இல்லையென்றால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

பொய் சொல்ல மாட்டேன், வகுப்பு பிரமாதமாக ஓடுகிறது. பிள்ளைகள் துள்ளுகிறார்கள். ஆனால் வகுப்பு முடிந்து அவர்கள் தங்களுக்குள் வீடியோவில் பேசினால் மறுபடி கைகள் உறைகின்றன. அவர்களுடைய அண்ணன் யாரும் உங்கள் கம்பெனியில் இல்லையே.

ஆஸ்பத்திரியை முன்னால் விடு, யார் வேண்டாம் என்றது? அதை ஊருக்கெல்லாம் பொதுவாகச் சட்டம் போட்டுச் செய்யட்டும். காசு வைத்தவனை முன்னால் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியின் பின்னால் போய் ஒளியாதே. உன் சலுகை எனக்கு வேண்டாம். புகாரையும் திரும்ப வாங்க மாட்டேன்.

அடுத்த மாதம் நேரில் பேச ஆணையம் அழைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில், வங்கியில், டாக்டரிடம், என் கையைப் பார்த்து நீதானே எனக்காகப் பேசினாய்? இதற்கும் வருவாயா?

வாலு


மார்ச் 27

வாலு,

வருவேன், ஆனால் எதிர்ப்பக்கம். அன்று கம்பெனிக்காகப் பேசப்போவது நான்தான். என் பதவி உயர்வே அதில் தொங்குகிறது. “சொந்தத் தங்கச்சியே உங்கள எதிர்த்துப் பேசப் போறாளாமே” என்று ஆபீசில் சிரிக்கிறார்கள். சலுகையை எடுக்கச் சொல்லாதே, பிள்ளைகள் பாவம். ஒரு கூட்டத்துக்காக அண்ணனைச் சந்தியில் நிறுத்தப் போகிறாயா? யோசித்து எழுது.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்பு அண்ணா,

யோசித்தேன். பிள்ளைகளிடமும் கேட்டேன். சலுகை போனால் வகுப்பு மறுபடி நொண்டும் என்று ஒளிக்காமல் சொன்னேன். பெட்டிக்கடைக்காரர் மகள்தான் முதலில் கையால் சொன்னாள்: “எல்லாருக்கும் வந்தா வரட்டும் டீச்சர். நமக்கு மட்டும்னா வேணாம்.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் ஆட்டவில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் இனி நேரில் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பை விரைவுப் பாதையிலிருந்து நீக்கச் சொல்லி உங்கள் மேலாளருக்கு எழுதியாயிற்று.

உன்மேல் கோபம் இருக்கிறது. பாசமும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் வருவேன்.

எனக்குக் குரல் கொடுக்க வேறொரு பெண் கிடைத்துவிட்டாள். நீ எதிர்ப்பக்கமே உட்கார். நான் கையைத் தூக்கியதும் மண்டபத்தில் எல்லோரும் அவள் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். நான் சொல்வது முதலில் புரியப்போவது உனக்குத்தான். அதற்கப்புறம் எழுந்து உன் கம்பெனிக்காகப் பேசு, பார்க்கலாம்.

வாலு